உமாவின் கன்னமும் அக்காவின் சங்கிலியும்

போன வாரம் மாடி வீட்டு ரமணி தன் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். அவனை நர்சரியில் சேர்த்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் மூன்று காய்ச்சல், ஒரு கண்வலி, தலை நிறையப் பேன். "சேச்சி, எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று அழுதாள். எவ்வளவு அடக்கியும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, எங்கள் உமா நர்சரிக்குப் போன வருஷத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் பையன் சிணுங்க, கதை நின்றுபோனது. மீதியையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். உமாவுக்கு இப்போது பதின்மூன்று வயது. என் செருப்பு அவளுக்குச் சரியாக இருக்கிறது, அவள் கடைசியாக எப்போது காய்ச்சலில் படுத்தாள் என்பது எனக்கே மறந்துவிட்டது. ஆகையால் படிக்கிறவர்கள் முடிவு என்ன ஆகுமோ என்று கலங்க வேண்டாம். நாங்கள்தான் கலங்கினோம், அது போதும்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. உமாவுக்கு அப்போது நாலு வயது. என் கணவர் விசு மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்குப் பார்த்தார். நான் வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். காலையில் படகில் போய் சாயங்காலம் படகில் திரும்புவேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். உமாவை யாரிடம் விடுவது? அதனால்தான் தெருக்கோடியில் இருந்த நர்சரியில் சேர்த்தோம்.

ஓடு போட்ட ஒரே கூடம், ஒரு ரோஸி டீச்சர், ஒரு ஆயா, நடுவில் ஒரு தண்ணீர்ப் பானை. அதுதான் நர்சரி. கொங்கணி, குஜராத்தி, தமிழ், மலையாளம் என்று எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பாஷை வேறு. அத்தனை வீட்டுக் குழந்தைகளும் அந்தக் கூடத்தில் ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்தன. ஸ்லேட்டு அழிக்க மஷித்தண்டு என்று ஒரு செடி உண்டு, சுவரோரம் முளைத்துக் கிடக்கும், தண்டை ஒடித்துத் தேய்த்தால் எழுத்து போய்விடும். மஷித்தண்டு தீர்ந்துபோனால் எச்சில். தன் ஸ்லேட்டுக்குத் தன் எச்சில் என்ற சுயநலமெல்லாம் அந்தக் குழந்தைகளிடம் கிடையாது.

உமா முதலில் கற்றுக்கொண்டு வந்தது தும்மல். விசுவின் சட்டையில் எப்போதும் மிளகுத் தூசி இருக்கும், அதனால்தான் என்று முதல் வாரம் அவரைக் குற்றம் சொன்னேன். இரண்டாவது வாரம் மூக்கு ஒழுகியது, மூன்றாவது வாரம் இருமல். விசு குற்றமற்றவர் என்று தெரிந்தது. அப்புறம் கண்வலி. வீட்டில் மூன்று பேரும் சிவந்த கண்ணோடு உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு சிரங்கு, பிறகு வயிற்றுப்போக்கு, பிறகு அம்மை. அம்மைக்கு வேப்பிலை வேண்டும், மட்டாஞ்சேரியில் வேப்பமரத்துக்கு எங்கே போவது? விசு சைக்கிளில் தோப்பும்படி வரைக்கும் போய் யாரோ ஒருவர் வீட்டுக் காம்பவுண்டில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கொத்து ஒடித்து வந்தார். நடுநடுவே உமா நன்றாக இருந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் எனக்குக் காய்ச்சல்.

என் நாத்தனார் பாகீரதி அக்காவை இங்கே சொல்ல வேண்டும். விசுவுக்கு மூத்தவர், பாலக்காட்டில் இருந்தார். குழந்தை இல்லை. அவர் கணவர் அத்திம்பேருக்கு ரயில்வேயில் வேலை என்பதால் அக்காவின் பையில் எப்போதும் பாஸ் இருக்கும். உமாவுக்கு உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்தால் போதும், மறுநாள் எங்கள் வாசலில் நிற்பார். ராவு பகல் பாராமல் குழந்தையை மடியில் போட்டுக்கொள்வார். அவரைப் போலக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னால் முடியாது, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் வாய் ஓயாது.

"லலிதா, இது ஸ்கூலா, இல்லை வியாதிக்கு டிப்போவா? போறப்போ வெறுங்கையோட போறது, வரப்போ ஒண்ணைத் தூக்கிண்டு வரது."

"எல்லாக் கொழந்தைக்கும் வரதுதானே, அக்கா."

"எல்லாக் கொழந்தையும் எனக்கு மருமாளா?"

வயிற்றுப்போக்கு வந்து உமா நூலாக இளைத்துக் கிடந்தபோதுதான் அக்கா அந்தப் பேச்சை எடுத்தார். உமாவைத் தன்னோடு பாலக்காட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். ஒன்றாம் கிளாஸ் சேர்க்கிற வயது வந்ததும் கொண்டுவந்து விட்டுவிடுவார். இரண்டு வருஷம். நான் விசுவைப் பார்த்தேன். விசு மின்விசிறியைப் பார்த்தார். "அக்கா சொல்றதிலயும் ஒரு நியாயம் இருக்கு" என்று மின்விசிறியிடம் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில், "சரி, இன்னும் ஒரு தடவை இவ பெரிசாப் படுத்துண்டா அழைச்சிண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டேன். அக்கா வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறவர். "விசு, கேட்டியோ? அவளே சொல்லியாச்சு" என்றார்.

அன்றிலிருந்து நான் உமாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நெற்றி சூடா, கழுத்து சூடா, நாக்கை நீட்டு. இரண்டு வருஷம் அத்தையிடம் வளர்ந்து திரும்பினாலும் அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் விழுந்து அடிபட்டால் யாரைத் தேடி ஓடுவாள்? படகில் போகும்போதும் வரும்போதும் இதே நினைப்பு. நடுவில் ஒரு சளி வந்தது. அதை நான் பாலக்காட்டுக்கு எழுதவில்லை. ஒரு லேசான காய்ச்சலும் வந்தது, அதற்குக் காய்ச்சல் என்று நானே பேர் வைக்கவில்லை.

மாசி கழிந்து வெயில் ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளியோதரை கலந்து உமாவின் வாயில் ஒரு வாய் கொடுத்தேன். வீல் என்று கத்திக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் இடது காதுக்குக் கீழே கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக் கொங்கணிக்காரி சாந்தா பாய் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "இது முண்டிநீராக்கும், லலிதே. நர்சரியில் நாலு பிள்ளைகளுக்கு உண்டு" என்றாள்.

நம் ஊரில் பொன்னுக்கு வீங்கி என்று சொல்வோமே, அதேதான். காதுக்குக் கீழே எச்சில் சுரக்கிற சுரப்பி ஒன்று இருக்கிறது. இந்த நோய்க் கிருமி அதில் போய் உட்கார்ந்து வீங்கவைக்கிறது. புளிப்பைக் கண்டால் எச்சில் ஊறும் அல்லவா, வீங்கின சுரப்பிக்கு அது உயிர் போகிற வலி. இருமல், தும்மல், எச்சில் வழியாக மற்றவர்களுக்குப் பரவும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாக வற்றிவிடும். இதெல்லாம் பின்னால் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே கேள்வி, இது பெரிய படுக்கையா, சின்னப் படுக்கையா, அக்காவுக்குச் சொல்ல வேண்டுமா என்பதுதான். சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். மறுநாளே அக்கா வாசலில் நின்றார். விசு எனக்குத் தெரியாமல் தந்தி அடித்திருந்தார்.

வந்தவர் கை கால் கழுவினதும் முதல் காரியமாகத் தன் கழுத்திலிருந்த கோதுமைச் சங்கிலியைக் கழற்றினார். பொன்னுக்கு வீங்கிக்குப் பொன் போட வேண்டும், தங்கம் பட்டால் வீக்கம் வாடும் என்பது எங்கள் வழக்கம். எனக்குமே சின்ன வயதில் போட்டிருக்கிறார்கள். அக்காவின் சங்கிலி நீளம், உமாவின் கழுத்தில் இரண்டு சுற்றுப் போட்டும் தொப்புள் வரைக்கும் தொங்கியது. அதன் நுனியில் ஒரு டாலர். உமாவுக்கு ஏக குஷி. டாலரை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டே படுத்திருந்தாள்.

வீக்கம் வற்றத் தொடங்கியது. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பாத்தியோ? ஒரு மாத்திரை உண்டா, ஒரு ஊசி உண்டா?" மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து சாந்தா பாயும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு பையன்கள், இருவரும் அதே நர்சரி. வீக்கம் இன்னும் வரவில்லை. "எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு தடவை போட்டுத் தரலாமா?" என்று கேட்டாள்.

கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாதவர் அக்கா. உமாவின் வாயிலிருந்து டாலரை எடுத்து, முந்தானையில் ஒரு துடை துடைத்து, தானே கொண்டுபோய்ப் பையன்களின் கழுத்தில் ஆளுக்கு ஒரு மணி நேரம் போட்டுவிட்டு வந்தார். வந்தவர்களுக்கு வற்றுவதற்கு, வராதவர்களுக்கு வராமலிருப்பதற்கு. செய்தி தெருவில் பரவியது. அடுத்த வீட்டுக் குஜராத்திப் பெண் வந்தாள், எதிர் வீட்டு மலையாளத்து டீச்சர் தன் பெண்ணை அனுப்பினாள். அக்கா ஒவ்வொரு வீடாகப் போனார். ஒவ்வொரு குழந்தையாக மடியில் உட்காரவைத்தார், கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சினார், சங்கிலியைப் போட்டார். குழந்தைகள் எல்லோரும் டாலரைக் கடித்தார்கள். சாயங்காலம் சங்கிலி உமாவின் கழுத்துக்குத் திரும்பி வந்துவிடும். அந்த வாரம் எங்கள் தெருவில் அக்காவுக்கு இருந்த மதிப்பு கலெக்டருக்குக்கூட இருந்திருக்காது.

உமாவின் கன்னம் சரியானதும் அக்கா பச்சை நிறப் பை ஒன்றை எடுத்து அவளுடைய கவுன்களை மடித்து வைக்க ஆரம்பித்தார். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் கவுன், பூப்போட்டது, போன தீபாவளிக்குத் தைத்தது. ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று. பையின் ஜிப்பை இழுத்து மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளினார். வெள்ளிக்கிழமை வண்டி.

வியாழக்கிழமை காலையில் உமா தலை வலிக்கிறது என்றாள். நாலு வயதுக் குழந்தை தலைவலி என்று சொன்னது எனக்கு வித்தியாசமாக இருந்தது. பிறகு வாந்தி எடுத்தாள். ஜன்னலை மூடு, வெளிச்சம் குத்துகிறது என்று அழுதாள். தூக்கி உட்காரவைத்தால் கழுத்து வளையவில்லை. விசு ஓடிப்போய் டாக்சி கொண்டுவந்தார். தோப்பும்படிப் பாலம் தாண்டி எர்ணாகுளம் போய்ச் சேருகிற வரைக்கும் உமா என் மடியில் கண்ணைத் திறக்கவில்லை. அந்த வழியை நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அவ்வளவு நீளமான வழி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

குழந்தைகள் வார்டில் ஒரு டாக்டரம்மா. மெட்ராசில் படித்தவர், மலையாளம் கலந்த தமிழ் நன்றாகப் பேசினார். உமாவின் கழுத்தை மெல்ல வளைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மேல ஒரு உறை உண்டு. அதுல அழற்சி வந்த மாதிரி இருக்கு. எதனாலன்னு தெரியணும். முதுகில ஊசி வெச்சுக் கொஞ்சம் நீர் எடுத்துப் பாக்கணும்." குழந்தையைச் சுருட்டிப் படுக்கவைத்து முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் எடுப்பார்கள். சின்ன ஊசிதான், பக்குவமாகத்தான் எடுப்பார்கள். ஆனால் முதுகு என்ற வார்த்தையைத் தவிர எனக்கு எதுவும் காதில் விழவில்லை. "பேடிக்கண்டா" என்றார் டாக்டரம்மா. பயப்படாதே என்று சொல்கிறவர்கள் எல்லோரும் கதவுக்கு உள்ளே போய்விட்டார்கள். நானும் அக்காவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். விசு மருந்து வாங்கப் போயிருந்தார்.

உள்ளே உமா "அம்மா" என்று கத்தியது கேட்டது. ஒரே ஒரு தடவை.

"நான் அன்னிக்கே சொன்னேன், இந்த ஸ்கூல் வேண்டாம்னு" என்றார் அக்கா.

"இப்போ வேண்டாம், அக்கா." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இப்போ நீங்க ஒண்ணும் சொல்லப்படாது."

அக்கா எழுந்து போனார். வெளியில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காதவர், யாரிடமோ கேட்டுக் கேட்டு ஆஸ்பத்திரி வாசல் கடையிலிருந்து ஒரு கிளாஸ் சாயாவைச் சுமந்து வந்து என் கையில் வைத்தார். நான் பாதி குடித்தேன். மீதியை அவர் வாங்கிக் குடித்தார். கடைச் சாயா, அதுவும் என் எச்சில். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

எடுத்த நீர் தெளிவாக இருந்தது என்று டாக்டரம்மா சாயங்காலம் வந்து சொன்னார். கலங்கலாக இருந்தால் அது வேறு வகை, ஆபத்தானது. இது அந்தப் பொன்னுக்கு வீங்கிக் கிருமியே உறை வரைக்கும் போய்ச் செய்த வேலை. சில குழந்தைகளுக்கு இப்படி ஆவது உண்டு, பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். தலைவலிக்கு மருந்து, டிரிப்ஸ், இருட்டான மூலை, அமைதி, அவ்வளவுதான் வைத்தியம். "ஒரு விஷயம் மட்டும் பாக்கணும். இந்த நோய் சில பேருக்குக் காதுல கை வெச்சிடும். எழுந்து உக்காரட்டும், காதைச் சோதிக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் காதால்தான் கழித்தேன். உமா தூங்கும்போது ஸ்பூனைக் கீழே போடுவேன், கண் இமை அசைகிறதா என்று பார்ப்பேன். நர்ஸ் வந்து, "அம்மே, வார்டில் பாக்கி குழந்தைகளும் உறங்கணும்" என்று ஸ்பூனை வாங்கிக்கொண்டு போனாள். விசு காலையிலும் சாயங்காலமும் தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்தார். அவரே வைத்த கஞ்சி. முதல் நாள் அடிப்பிடித்திருந்தது, இரண்டாம் நாள் உப்பில்லை, அதற்கப்புறம் சாந்தா பாய் அவரை அடுப்படிக்குள் விடவில்லை. என் ஆபீசிலிருந்து கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி வந்து, "உன் டைப் மெஷினை நான் பாத்துக்கறேன், நீ குழந்தையைப் பாரு" என்று சொல்லிவிட்டு உமாவுக்கு ஒரு ரப்பர் வாத்து கொடுத்துவிட்டுப் போனாள். அக்கா வார்டை விட்டு நகரவே இல்லை. ராத்திரி ஒரு கட்டிலுக்கு ஒரு ஆள்தான் என்று நர்ஸ் சொன்னபோது, "நான் ஆளில்லை, அத்தை" என்றார். நர்சுக்கு அது புரிந்ததோ இல்லையோ, விட்டுவிட்டாள்.

நாலைந்து நாளில் தலைவலி போயிற்று. உமா எழுந்து உட்கார்ந்து வார்டு முழுவதையும் நர்சரி ஆக்கினாள். பக்கத்துக் கட்டில் பையனுக்கு வாத்து, எதிர்க் கட்டில் பெண்ணுக்குப் பாட்டு. காது சோதிக்கிற நாளும் வந்தது. இரண்டு கிளை உள்ள ஒரு இரும்புக் கருவியைத் தட்டிக் காதருகே வைத்து, கேட்கிறதா என்று கேட்பார்கள். உமா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். அவள் எதற்கும் தலையை ஆட்டுவாள் என்பது எனக்குத் தெரியும். டாக்டரம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கருவியைப் பையில் போட்டுவிட்டு, போகிறவர் மாதிரி அவள் முதுகுப் பக்கம் போய் நின்று, வலது காதைப் பொத்தி, இடது காதருகே மெல்ல, மூச்சு மாதிரி, "மிட்டாய் வேணோ?" என்றார்.

"ரெண்டெண்ணம்" என்றாள் உமா. இரண்டு வேண்டுமாம். மற்றக் காதில் கேட்டபோது அது மூன்றாகிவிட்டது.

நான் அங்கேயே, அத்தனை பேருக்கு முன்னால், டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இனிமேல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்ற சமயத்தில் விசு கஞ்சியோடு ஒரு செய்தியும் கொண்டுவந்தார். சாந்தா பாயின் இரண்டு பையன்களுக்கும் கன்னம் வீங்கிவிட்டது. குஜராத்தி வீட்டில் ஒன்று. எதிர் வீட்டு டீச்சரின் பெண்ணுக்கு இரண்டு பக்கமும்.

"அதெப்படி? சங்கிலி போட்டேனே!" என்றார் அக்கா. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. கஞ்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, தொட்டுக்கொள்ள இருந்த நார்த்தங்காய் ஊறுகாயை ஒரு துண்டு வாயில் போட்டார். அடுத்த நிமிஷம் கஞ்சி தரையில். அக்கா இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "ஐயோ அம்மா" என்று ஒரு அலறல். வார்டில் அத்தனை குழந்தைகளும் எழுந்து உட்கார்ந்தன.

உமா கட்டிலில் இருந்தபடியே பார்த்தாள். அனுபவசாலி அல்லவா? "அத்தைக்கும் வந்தாச்சு!" என்று கை தட்டினாள்.

டாக்டரம்மா வந்து அக்காவின் காதுக்குக் கீழே அமுக்கிப் பார்த்தார். "சின்ன வயசுல வந்ததில்லையோ?"

"எனக்கு எதுவுமே வந்ததில்லை. இதும் இல்லை, அம்மையும் இல்லை, மணல்வாரியும் இல்லை." வலியிலும் அக்காவின் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"ஸ்கூல்ல எத்தனையோ குழந்தைகளுக்கு வந்திருக்குமே?"

அக்கா கன்னத்தைத் தாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். டாக்டரம்மாவின் கண் அதற்குள் உமாவின் கழுத்துக்குப் போய்விட்டது. "இதெந்தா மாலை?" நான் சொன்னேன். மடியில் வைத்ததையும் கன்னத்தோடு கன்னம் வைத்ததையும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா டாலரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அதில் ஒரு ஓரம் பாக்கியில்லாமல் குட்டிக் குட்டிப் பல் தடம். அவர் அதை நர்சுக்குக் காட்டினார், நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

"வீக்கம் தானே ஒரு வாரத்துல வத்தும், அம்மா. மாலை போட்டாலும் வத்தும், போடாட்டியும் வத்தும். நீங்க என்ன செஞ்சீங்கன்னா, வீடு வீடாப் போய் இதை விளம்பிட்டு வந்திருக்கீங்க." விளம்புவது என்றால் பந்தியில் பரிமாறுவது. அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டரம்மா குரலைத் தணித்தார். "போகட்டும். ஒரே நர்சரி, எப்படியும் வந்திருக்கும். உங்களுக்குத்தான் கஷ்டம். நாலு வயசுல ஒரு வாரம் படுத்து எழுந்திருக்க வேண்டியது, இப்போ நாப்பத்தாறு வயசுல நல்லாப் பாடுபடுத்தும். உமாவுக்கு இந்தத் தொல்லை தீர்ந்தது, இனி அநேகமா வராது."

"அப்போ ஸ்கூலுக்கு அனுப்பினது தப்பில்லைன்னா சொல்றேள்?" என்று கேட்டார் அக்கா. வாய் திறக்க முடியாமல் பல்லுக்கு இடையில் கேட்டார்.

"குழந்தைகள் கூடற எடத்துல வியாதியும் கூடும். முத ஒண்ணு ரெண்டு வருஷம் அப்படித்தான் இருக்கும், பின்னே உடம்பு பழகிடும். வீட்டுக்குள்ள பூட்டி வெச்சா வராம இருக்காது, தாமசமா வரும்."

ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றவில்லை. அக்கா சுவர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

உமாவையும் அக்காவையும் ஒரே டாக்சியில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அக்காவுக்கு நல்ல காய்ச்சல். இரண்டு கன்னமும் வீங்கி முகமே மாறிப்போயிருந்தது. என் கட்டிலில் படுக்கவைத்தேன். கட்டிலுக்கு அடியில் பச்சைப் பை அப்படியே இருந்தது. உமாதான் பக்கத்தில் உட்கார்ந்து பணிவிடை. தன் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றி, முந்தானை இல்லாததால் கவுனில் ஒரு துடை துடைத்து, அத்தையின் கழுத்தில் போட்டாள். டாலரைத் தூக்கி வாயருகே கொண்டுபோனாள். "கடிச்சுக்கோ அத்தை, நன்னா இருக்கும்."

அக்கா சிரிக்கப் போய் வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் துணியை நனைத்துக் கன்னத்தில் வைத்தேன். அப்போது அவராகவே சொன்னார். குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது.

"என்னை ஸ்கூலுக்கே அனுப்பலை, லலிதா."

எனக்குத் தெரியாது. அவர் கடிதம் எழுதுவார், கதைப் புத்தகம் படிப்பார். நான் எதையும் நினைத்துப் பார்த்ததில்லை.

"எனக்கு முன்னாடி ரெண்டு பொறந்து, ரெண்டும் காய்ச்சல்ல போயிடுத்து. அப்பா என்னை வாசப்படி தாண்ட விடலை. விசு பொறக்கறதுக்குள்ள அவருக்குப் பயம் தெளிஞ்சுடுத்து, அவனை அனுப்பினார். எனக்கு ஆத்துலயேதான் எழுத்து. எதிர்லதான் ஸ்கூல். ஜன்னல்ல நின்னா வாய்ப்பாடு கேக்கும். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் கேட்டே படிச்சேன். எல்லாரும் மூக்கை உறிஞ்சிண்டு ஒண்ணா ஓடுவா. எனக்கு மட்டும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை."

பிறகு, "பதினாறு பதினாறு எத்தனை, சொல்லு" என்றார். நான் யோசித்தேன். "இருநூத்தம்பத்தாறு. ஆபீசுக்குப் போறாளாம்!" என்றார். பழைய அக்கா திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவர் எழுந்து நடமாடப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. தெருக் குழந்தைகளின் கன்னமும் அதற்குள் வற்றிவிட்டது. யாரும் அக்காவிடம் சண்டைக்கு வரவில்லை. சாந்தா பாய், "வந்தது வந்தது, இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தீர்ந்தது" என்று சொல்லி ஒரு பாத்திரம் பாயசம் கொண்டுவந்தாள். உமா நர்சரிக்குத் திரும்பிப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன திங்கட்கிழமை எனக்கும் ஆபீஸ். காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது பச்சைப் பை கட்டிலின் மேல் திறந்து கிடந்தது. இன்றைக்கே கிளம்புகிறாரா? குழந்தையோடா?

கவுன்கள் எல்லாம் அலமாரியில் இருந்தன, முன்பு இருந்த அதே அடுக்கில். உமா மஞ்சள் கவுனில், தலை படிய வாரி, ஸ்லேட்டோடு நின்றாள். அக்கா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டிருந்தார்.

"நீ படகைப் பிடி. நேரமாச்சு. இவளை நான் கொண்டு விடறேன்."

அவர் காலைத் தொட்டுவிட்டு ஓடினேன். படகில் அன்றைக்கு எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

சாயங்காலம் நான் வந்தபோது அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வரும் வழியில் ரோஸி டீச்சர் நர்சரி வாசலில் என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தாள்: கொண்டு விட வந்தவர் மத்தியானம் மணி அடிக்கும் வரைக்கும் போகவே இல்லை, பின்வரிசையில் குட்டிப் பெஞ்சில் உமாவோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவின் விரல்களில் மஷித்தண்டின் பச்சைக் கறை இன்னும் போகவில்லை. "சும்மா, பாத்துட்டு வரலாம்னு உக்காந்தேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அக்கா தும்மினார். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை. கண்ணில் நீர் முட்டி, மூக்கு சிவந்திருந்தது. நான் விசுவின் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து வெளியே கொண்டுபோனேன். "இந்த மிளகுத் தூசி இருக்கே, அக்கா, இதனாலதான்" என்றேன்.

"மிளகும் இல்லை, மண்ணும் இல்லை." அக்கா தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் சாந்தா பாய்க்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னார்:

"ஸ்கூல்லேர்ந்து பிடிச்சிண்டு வந்தேனாக்கும்!"